பதினேழாம் பக்கத்து ஈயம்

கொல்லம் ஆயிரத்து ஐம்பத்தொன்பது. ஆடிச் சாரல்.
நாகர்கோவில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவன் நான்.
சுரம் எனக்குப் பிடிபடாது.
பரிபூரணத்தின் இசையை நான் அறிந்தது
இடவலம் மாறி,
ஈயத்தில், விரல் நுனியில்.

அவள் பியானோ கொளச்சலில் இறங்கியது.
கப்பலிலிருந்து வள்ளத்துக்கு,
வள்ளத்திலிருந்து பன்னிரண்டு தோளுக்கு.
திங்கள்சந்தையில் இளைப்பாற இறக்கியபோது
வெற்றிலைக்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்தபடி
"ஆரு உள்ள? எப்பம் செத்தாரு?" என்றாராம்.
அவள் மூடியைத் தூக்கி
ஒரு கட்டையை அழுத்தினாள்:
"இன்னும் சாவல்ல."

மூன்று மழைக்காலத்தில்
உப்புக்காற்று மேல்வரிசைத் தந்திகளைத் தின்றது.
கறையானுக்கு அஞ்சி
பியானோவின் கால்களைத்
தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினாள்.
தவளை ஒன்று குடியேறியது.
அதை அவள் விரட்டியதாகத் தெரியவில்லை.

பியானோ ஒன்று, பெண்கள் பதினொன்று.
பலாப்பலகையில் கரியால் கட்டைகள் வரைந்து
முறை வரும்வரை அதில் வாசிக்கச் சொன்னாள்.
சத்தமில்லாத பலகையில்
தப்பிய விரலை எப்படிக் கண்டுபிடிப்பது?
சுண்ணாம்புதான் சாட்சி.
பனையேறி மகள் சீயோனாள்
அக்கானிக் கலயம் பூசிய கையோடு வருவாள்;
அவள் விரல் போன வழியெல்லாம்
கரியின்மேல் வெள்ளையாய்க் கிடக்கும்.
மற்ற பத்துப் பேருக்கும்
மறுநாளிலிருந்து சுண்ணாம்பு.

ஒரு மெட்டும் அவள் கட்டியதில்லை.
பிறர் மெட்டுகளின் தலைக்குமேல்
ஒன்றிலிருந்து ஐந்துவரை
எறும்பளவு எண்கள் இடுவாள்:
இங்கே பெருவிரல், இங்கே சுண்டுவிரல்,
இங்கே கை மாறு.
பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அதுதான் வேலை.
மாதம் நாலு ரூபாய், எட்டுச் சக்கரம்.

நான் அனுப்பும் தாள்கள்
சிவப்பு மையில் குளித்துத் திரும்பும்.
"இந்தச் சுரத்தின் தலை பொள்ளையாக இருக்க வேண்டும்.
நீர் அடைத்துவிட்டீர்.
பிள்ளைகள் மூச்சு விடுவது எங்கே?"
அன்று இரவு
சோற்றுப் பருக்கையைக்கூட
உற்றுப் பார்த்தேன்.

பதினேழாம் பக்கம்தான் வம்பு.
சீயோனாளின் அம்மா
துலாவில் தண்ணீர் இறைக்கையில் முனகும் மெட்டு.
அதில் ஒரு சுரம்
வெள்ளைக் கட்டைக்கும் கருப்புக் கட்டைக்கும் நடுவே
வழுக்கிக்கொண்டு நின்றதாம்.
துரைசானி சொன்னாள்: இரண்டில் ஒன்றைப் போடு.

முதல் தாளில் வெள்ளை.
இரண்டாவதில் கருப்பு.
மூன்றாவது தாளோடு பரிபூரணமே வந்தாள்,
குடை ஒரு கம்பி ஒடிந்து.
"இவ்விடத்தைச் சும்மா விட்டுவிடும்."

சும்மா என்று அச்சில் எதுவும் இல்லை, அம்மா, என்றேன்.
வெற்றிடத்துக்கும் ஈயம் வேண்டும்.
குட்டைத் துண்டு. முகமில்லை. மை தொடாது.
அதை உருவினால்
பக்கமே சரிந்து கொட்டிவிடும்.

காட்டும், என்றாள்.
உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் ஆட்டினாள்,
மீன் வாங்குகிறவளைப் போல.
"நல்ல கனம்" என்றாள்.

இருநூறு பிரதி.
அட்டையில் துரைசானியின் பெயர்.
கடைசித் தாளின் அடியில்
அவளே கேட்டு வாங்கிய ஓரெழுத்து: ப.
அதையும் முதலில் தலைகீழாகக் கோத்தேன்;
திருத்தினாள்.

புத்தகக் கட்டோடு பள்ளிக்குப் போன அன்று
பதினேழாம் பக்கம் வாசித்தார்கள்.
அந்த இடம் வந்ததும்
இருபத்திரண்டு கையும்
பலகைக்குமேல் எழும்பி நின்றன.
ஒருத்தி தும்மினாள்.
சீயோனாளின் தொண்டை மட்டும் அசைந்தது.
என்ன சுரமென்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்று
தாள்களைப் புரட்டிவிடாதிருக்க
பியானோவின்மேல்
ஏதோ ஒரு குட்டைத் துண்டு வைத்திருந்தாள்.
வருடக்கடைசிக் கணக்கில்
ஈயம் ஒன்று குறைந்தது.
என் சம்பளத்தில் அரைச் சக்கரம் பிடித்தார்கள்.
வாய் திறக்கவில்லை நான்.